அப்பளம் நமுத்தா முழிச்சுக்கோ

ஏலே மக்கா, சீமைக்குப் போறியாமே? படிக்கப் போறியோ, வேலைக்குப் போறியோ, நல்லாப் போயிட்டு வா. பெட்டியெல்லாம் அடைச்சாச்சா? கம்பளிச் சட்டை நாலு, நார்த்தங்கா ஊறுகா ரெண்டு பாட்டில், அம்மா இடிச்ச பருப்புப்பொடி, ஒரு குட்டிக் குக்கர். எல்லாம் சரி. அப்பளக்கட்டு வெச்சியா? ரெண்டு கூடுதலாவே வை. திங்கதுக்கு இல்லடே. எதுக்குன்னு சொல்லுதேன், உக்காரு.

நானும் லண்டன் பாத்தவன்தான். என்னல சிரிக்க? ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு ஐப்பசியில நடு மவன் டிக்கெட் எடுத்துக் கூட்டிட்டுப் போனான். பங்குனி வரைக்கும் அங்கனதான் கெடந்தேன். ஈஸ்ட் ஹாம்னு ஒரு பக்கம். தெருவுல எறங்கி நடந்தா தென்காசி பஜாரு மாதிரிதான் இருக்கும். முருங்கக்கா கெடைக்கும், இட்லி கெடைக்கும், முருகன் கோயிலுக்குப் போயிட்டு வரலாம். வீட்டுக்குள்ள நொழைஞ்சாத்தான் சீமை தெரியும்.

மொத நாள் காலையில எந்திரிச்சுப் பாக்கேன். சன்னல் கண்ணாடி முழுக்கத் தண்ணி. சொட்டுச் சொட்டா வடிஞ்சு, கீழ மரச்சட்டத்துல தேங்கி நிக்கு. மரத்த விரலால அமுக்குனா ஊறுன ரொட்டி மாதிரி உள்ள போவுது. படுக்குற ரூமுல ஒரு பீரோ. அதுக்குப் பின்னாலேருந்து மக்கல் வாடை. நகட்டிப் பாத்தா சுவத்துல கருப்பு கருப்பாப் பூத்துக் கெடக்கு. பீரோவுக்குள்ள தொங்குன மவனோட கலியாணக் கோட்டுக்குத் தாடி மொளச்சிருக்கு. வெள்ளத் தாடி.

"என்னல இது?"ன்னேன். "டேம்ப்புப்பா"ங்கான். பேரு வெச்சுட்டா சீக்கு தீந்துரும்னு இந்தக் காலத்துப் பயலுவளுக்கு ஒரு நெனப்பு. நம்ம ஊருல அதுக்கு ஓதம்னு பேரு. பேரு தெரிஞ்சு என்ன செய்ய?

அவன் பாத்திருந்த வைத்தியத்தக் கேளு. பூசணத்து மேல அடிக்க ஒரு மருந்து. மூக்குல ஏறுனா கண்ணு ரெண்டும் கலங்கிரும். அதுக்கு மேல பூச, பூசணமே புடிக்காத பெயிண்டுன்னு ஒரு டப்பா. இந்த ரெண்டு வாடையும் போவ வாசனைக் குப்பி ஒண்ணு. மூலைக்கு மூலை ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதுக்குள்ள கல்லுப்பு கணக்கா என்னமோ. கால்சியம் குளோரைடாம். காத்துல இருக்க தண்ணிய உறிஞ்சுமாம். மாசம் பூரா உறிஞ்சி ஒரு தம்ளர் சேத்து வெச்சிருந்துது. கடைசியா ஒரு மெசினு. ராத்திரி முழுக்க உர்ருன்னு உறுமும். காலையில அதோட வாளியில ரெண்டு லிட்டர் தண்ணி. அத அவன் பாலைவனத்துல கெணறு வெட்டித் தண்ணி கண்டவன் மாதிரி வீடு பூராக் காட்டுவான். போட்டோ புடிச்சுக் கூட்டாளிக்கு அனுப்புவான். கூட்டாளி அவன் மெசினுல வந்த தண்ணிய போட்டோ புடிச்சு அனுப்புவான். இப்படி ஒரு போட்டி.

"இந்தத் தண்ணி எங்கேருந்துடே வருது?"

"காத்துலேருந்துப்பா."

"காத்துக்கு எங்கேருந்து வந்துது?"

முழிக்கான். பெரிய படிப்புப் படிச்சவன். தும்ப விட்டுட்டு வாலப் புடிக்கதுன்னு சொல்லுவாவல்லா, இவன் வாலையும் புடிக்கல. மாடு போன தடத்த போட்டோ புடிச்சுக்கிட்டு நிக்கான்.

சரி, நமக்குத்தான் வேற சோலி இல்லையே. வெளிய போனா கூதல்ல காது கழண்டு விழுந்துரும். வீட்டுக்குள்ளயே உக்காந்து கணக்குப் பாத்தேன்.

மருமவ அடுப்பப் பத்த வெச்சா ஏதாவது கொதிச்சுக்கிட்டே இருக்கும். உலைக்கு மூடி கெடையாது. நான் வேற குக்கர் சோறு திங்க மாட்டேன், வடிச்ச சோறுதான் எறங்கும். அது என் தப்பு, ஒத்துக்கிடுதேன். அடுப்பு எரியுதே, அந்த கேஸுமே தண்ணி விடும்டே. நெசமாத்தான். ஒரு கிலோ சிலிண்டர் கேஸு எரிஞ்சா ஒண்ணரைக் கிலோ தண்ணி ஆவியா வெளிய வரும். கேஸுல இருக்க ஹைட்ரஜன் காத்துல இருக்க ஆக்ஸிஜனோட சேந்து தண்ணியாவுது. நெருப்புலேருந்து தண்ணி வருதுன்னு எங்க அப்பா காலத்துல சொல்லிருந்தா மந்திரவாதின்னு சொல்லிருப்பாவ.

பொறவு குளிக்கது. நாலு பேரு, எனக்கு மட்டும் ரெண்டு வேளை, அத்தனையும் வெந்நி. குளிச்சு முடிச்சுக் கதவத் தொறந்தா சாரலுக்கு மேகம் எறங்குன குத்தாலம் கணக்கா இருக்கும். அந்த ஆவிய வெளிய தள்ளதுக்குன்னே சுவத்துல ஒரு பேன் மாட்டிருக்காவ. சத்தம் கேக்குன்னு மவன் அதோட சுவிட்ச அமத்தி வெச்சிருந்தான். அந்தப் பேன் திங்கக் கூடிய கரண்டு ஒரு சின்ன பல்பு அளவுதான். ராத்திரி பூரா உறுமுற மெசினு சங்கீதமாம், பத்து நிமிசம் சுத்துற பேன் சத்தமாம். இந்த நியாயத்த எந்தப் பஞ்சாயத்துல சொல்ல?

துணி இருக்கே, அது பெரிய கள்ளன். மெசினு பிழிஞ்சு தந்தாலும் ஒரு ஈட்டுத் துணியில ரெண்டு லிட்டர் தண்ணி கிட்ட மிச்சம் இருக்கும். அத ஹால்ல ரேடியேட்டர் மேல விரிச்சுப் போடுதாவ. சாயங்காலம் தொட்டுப் பாத்தா மொறுமொறுன்னு காஞ்சிருக்கு. சந்தோசம். தண்ணி எங்க போச்சு? பரலோகத்துக்கா? பீரோவுக்குப் பின்னால போச்சு.

மிச்சம் யாரு? நீதான். ஆமாடே. மனுசன் சும்மா படுத்துக் கெடந்தாலே மூச்சுலயும் வேர்வையிலயும் தண்ணி போவும். ரெண்டு பேரு கதவ அடைச்சுட்டு எட்டு மணி நேரம் தூங்குனா ஏறக்குறைய அரை லிட்டர். எல்லாத்தையும் கூட்டிப் பாத்தா நாலு பேரு இருக்க வீட்டுல தெனமும் பத்து லிட்டர் சுமாருக்குக் காத்துல கலக்கு. ஒரு வாளி. தெனமும் ஒரு வாளித் தண்ணிய நடு வீட்டுல ஊத்திட்டு, ஊத்துன கையாலேயே தலையச் சொறிஞ்சுக்கிட்டு "சுவரு ஏன் நனையுது?"ன்னு நின்னா எப்படி?

நம்ம வீட்டுலயும் சோறு கொதிக்கத்தான் செய்யுது. நாமளும் மூச்சு விடத்தான் செய்யுதோம். ஆனா மங்களூர் ஓட்டுக்கு எடையில விரலு நொழையிற சந்து. அடுப்புக்கு மேல புகைக்கூண்டு. நடுவுல முத்தம். ஈரமே ஆசைப்பட்டுக் குடியிருக்கேன்னு சொன்னாலும் அந்த வீட்டுல எடம் கெடையாது. ஆனி, ஆடிச் சாரல்ல மட்டும் தீப்பெட்டி நமுக்கும், அது வேற கதை.

அந்த ஊரு வீடுவளும் ஒரு காலத்துல அப்படித்தான் இருந்துருக்கு. பக்கத்து வீட்டுல ஒரு வெள்ளக்காரத் தாத்தா, என்னைய விட ரெண்டு வயசு மூப்பு. எம் பேத்திதான் எங்க ரெண்டு பேருக்கும் துபாசி, எட்டு வயசு. அவரு சொன்னாரு: அவரு சின்னப் பையனா இருக்கையில ஒவ்வொரு ரூமுலயும் கரியடுப்பு எரியுமாம். சூட்டுல பாதிக்கு மேல புகைபோக்கி வழியா ஆகாசத்துக்குப் போயிரும். ஆனா அந்தப் புகைபோக்கி வீட்டுக் காத்த ஓயாம மேல இழுத்துக்கிட்டே கெடக்கும். ஈரமும் அதோட ஏறிப் போயிரும். 1952 டிசம்பர்ல அந்தக் கரிப்புகையும் பனியும் சேந்து லண்டன் மேல அஞ்சு நாள் அசையாமப் படுத்துட்டு. ஆயிரக்கணக்குல சனம் செத்துப் போச்சு. பொறவு 1956-ல சுத்தமான காத்துக்குன்னு சட்டம் போட்டாவ. கரி போச்சு, கேஸு பாய்லரும் ரேடியேட்டரும் வந்துது. நல்ல காரியம்தான், யாரு இல்லங்கா? ஆனா வேலை இல்லாத புகைபோக்கி வழியா கூதல் வருதுன்னு அதுக்கு அட்டை வெச்சு அடைச்சாவ. மரச் சன்னல் போய் ரெட்டைக் கண்ணாடி வந்துது. கதவு இடுக்குக்கு ரப்பர் வந்துது. வீட்ட ஊறுகா பரணி மாதிரி வேடு கட்டி மூடியாச்சு. ஊறுகாய மூடி வெச்சா ஊறத்தானடே செய்யும்?

இன்னொண்ணும் சொன்னாரு தாத்தா, நான் நம்பல. அந்த நாட்டுல சன்னலுக்கு வரி போட்டிருந்தாவளாம். 1696-லேருந்து 1851 வரைக்கும். இத்தன சன்னலுக்கு மேல இருந்தா இத்தன பணம். சனம் என்ன செஞ்சுது? செங்கல்ல வெச்சு சன்னல அடைச்சுட்டு. பழைய கட்டடத்துல இன்னும் அந்த அடைச்ச சன்னல் குருட்டுக் கண்ணு கணக்கா நிக்கும்னு ஒரு நாள் கூட்டிட்டுப் போய்க் காட்டுனாரு. நான் மவன்ட்ட கேட்டேன்: "அவிய வரிக்குப் பயந்து அடைச்சாவ. ஒனக்குத்தான் வரியே இல்லையேடே, நீ எதுக்கு அடைச்சு வெச்சிருக்க?"

கேக்கக் காரணம் இருக்கு. அந்த ரெட்டைக் கண்ணாடிச் சன்னலுக்கு மேல்சட்டத்துல நீட்டமா ஒரு கீறல் உண்டு. சின்னதா ஒரு மூடி, தள்ளுனா தொறக்கும். வீடு மெதுவா மூச்சு விடட்டும்னு செஞ்சவனே யோசிச்சு வெச்ச வழி. எம் மவன் அது மேல டேப்பு ஒட்டி வெச்சிருந்தான். கூதல் வருதாம்! செய்யத் தெரிஞ்சவன் மூக்கு வெச்சான், வாழத் தெரியாதவன் பஞ்ச அடைச்சான்.

டேப்ப உரிச்சேன். அன்னைக்கே சண்டை.

ஆனா எய்யா, இந்த எடத்துல நானும் ஒரு கோட்டித்தனம் செஞ்சேன், அதையும் சொல்லிரணும். எதுத்த வீட்டுல யாழ்ப்பாணத்து அம்மா ஒருத்தி, முப்பது வருசமா அந்த ஊருல இருக்கா. வந்து பாத்துட்டு, "ஐயா, குசினிக் கதவைச் சாத்திப்போட்டுச் சமைக்கச் சொல்லுங்கோ. காலமை எழும்பினவுடனை யன்னலை ரெண்டு பக்கமும் பத்து நிமிசம் திறந்து விடுங்கோ"ன்னா. அன்னைக்கு வெளிய நச நசன்னு மழை. நான் சிரிச்சேன். "வெளிய மழை பெய்யுது தாயி, தொறந்தா உள்ள இருக்க ஈரம் பத்தாதுன்னு வெளிய இருக்கதும்லா வந்துரும்? குத்தாலத்துக்காரன்ட்ட போய் ஈரத்தப் பத்திச் சொல்லுதியே"ன்னேன். அவ ஒண்ணும் சொல்லல. ஒரு சிரிப்பு சிரிச்சுட்டுப் போயிட்டா.

பேத்திக்கு இதச் சோதிச்சுப் பாக்கது ஒரு விளையாட்டு. ஸ்கூல்ல குடுத்தாவன்னு ஒரு ஈரமானி வெச்சிருந்தா, பெட்டிக்கடை கடிகாரம் அளவு. நான் சொன்னேன், "அது கெடக்கட்டும், எங்கிட்ட ஒரு ஈரமானி இருக்கு." அப்பளத்தச் சுட்டுத் தட்டுல வெச்சேன். நெல்லு யாவாரம் பாத்தவனுக்கு ஈரம் தெரியாதா? சர்க்காரு கொள்முதல் நிலையத்துல 17 சதம் ஈரம் தாண்டுனா நெல்ல வாங்க மாட்டான். அவன் மெசினு வெச்சுப் பாப்பான், நாங்க பல்லு வெச்சுப் பாப்போம். ரெண்டும் ஒண்ணுதான் சொல்லும்.

அப்பளம் கால் மணி நேரத்துல துவண்டு தொங்கிட்டு. பேத்தியோட ஈரமானியில 78 சதம். அடுப்பாங்கரையில கல்லுப்பும் கசிஞ்சு நின்னுது. உப்புக்கும் ஒரு கணக்கு உண்டு: காத்துல ஈரம் 75 தாண்டுனா அது தண்ணி விட ஆரம்பிச்சுரும். நம்ம வீட்டுப் பொம்பளைய உப்புப் பரணியப் பாத்தே மழை சொல்லுவாவல்லா, இதான் சங்கதி.

பொறவு பேத்தி சன்னல ரெண்டு பக்கமும் தொறந்துட்டா. மழை பெய்யுது. நான் போர்வையப் போத்திக்கிட்டு, எப்படியும் தோப்பான்னு பாத்துக்கிட்டு இருக்கேன். பத்து நிமிசம். சாத்தினா. ரேடியேட்டர் சூடு ஏறி கொஞ்ச நேரம் ஆவட்டும்னா. இன்னொரு அப்பளம் சுட்டு வெச்சோம். ஈரமானி 50-க்குக் கீழ எறங்கிட்டு. அப்பளம் நொறுக்குன்னு ஒடையுது.

எம் மூக்கு ஒடஞ்சுது அதுக்கு மேல.

அவ நோட்டுல படம் போட்டுக் காட்டுனா. காத்து ஒரு குடம் மாதிரிடே. சூடா இருந்தா பெரிய குடம், குளுந்தா சின்னக் குடம். 20 டிகிரியில ஒரு கன மீட்டர் காத்து 17 கிராம் தண்ணி புடிக்கும். 5 டிகிரியில வெறும் 7 கிராம். அப்ப வெளிய மழையில முக்கி எடுத்த காத்தா இருந்தாலும் அதுட்ட 7 கிராம்தான் இருக்கு. உள்ள வந்து சூடாவும்போது பெரிய குடத்துல அது பாதிகூட இல்ல. இன்னும் தா, இன்னும் தான்னு ஈரத்தக் குடிக்கும். ராத்திரி பூரா நாம விட்ட மூச்செல்லாம் 13 கிராம், 14 கிராம்னு தளும்பிக்கிட்டு நின்னுது. அது குளுந்த கண்ணாடியில பட்டா குடம் சுருங்கிப் போவுது, மிச்சம் வழியுது. சன்னல் அழல மக்கா, வழிஞ்சுது. பீரோவுக்குப் பின்னால சூடும் போவாது காத்தும் போவாது, அங்கேயும் அதே கதைதான்.

குத்தாலத்துச் சாரல் காத்து வேற. அது மித சூட்டுல வார காத்து, குடமும் பெருசு, நெறஞ்சும் வருது. அங்க தொறந்தா ஈரம் உள்ள வரும். நான் ஊரு புத்தியத் தூக்கிக்கிட்டு விமானம் ஏறிட்டேன். போயி அந்த யாழ்ப்பாணத்து அம்மாட்ட ஒத்துக்கிட்டேன். அவ ஒரு கிண்ணத்துல கத்தரிக்காப் பொரிச்ச குழம்பு குடுத்து அனுப்புனா. அவ சமைச்சா அவ வீட்டுச் சன்னல் அழுவாது.

மவன் மட்டும் ஒத்துக்கல. "சன்னலத் தொறந்தா சூடு போயிரும்ப்பா, பில்லு யாரு கட்டுவா?" நல்ல கேள்விதான். பேத்தி அதுக்கும் கணக்குப் போட்டா. ஒரு ரூமுக் காத்து முழுசும் எடை போட்டா முப்பத்தஞ்சு கிலோ சொச்சம். அத மறுபடி சூடாக்க கால் யூனிட்டு கூட ஆவாது. சூட்ட வெச்சிருக்கது காத்து இல்லடே, சுவரும் கட்டிலும் தரையும். பத்து நிமிசத்துல அதுக குளிராது. நாள் பூரா ஒரு விரக்கடை தொறந்து வெச்சா குளிரும், அதான் சுருக்காத் தொறந்து சுருக்கா மூடணும். ஜெர்மனியில வாடகை எழுத்துலயே இத எழுதி வாங்குற வீட்டுக்காரன் உண்டாம். ஷ்டோஸ்லுஃப்டன்னு அதுக்கு ஒரு பேரு. பேரக் கேட்டா நாய் தும்முன மாதிரி இருக்கு, காரியம் நல்ல காரியம்.

சூட்டு விசயத்துல எம் மவன் அடிச்ச கூத்தத் தனியாச் சொல்லணும். பகல் பூரா பாய்லர அமத்திருவான். வீடு பனிக்கட்டி. சாயங்காலம் வேலையிலேருந்து வந்ததும் 28-க்குத் திருகி வெச்சுட்டு பனியன் போட்டுக்கிட்டு உக்காருவான். ஒரு மணி நேரத்துல அமத்திருவான். காத்து சூடாயிட்டு, சுவரு சூடாவல. சூடான காத்து ஈரத்தக் குடிச்சுட்டு நேராப் போயி குளுந்த சுவத்துல துப்பும். அரிசி வேவ அடுப்ப ஊதி ஊதி எரிச்சு அமத்தி, மறுபடி எரிச்சு அமத்துனா என்ன ஆவும்? அடியில தீயும், மேல பச்சையா நிக்கும். சின்னத் தீயில வெச்சுட்டு ஒன் வேலையப் பாரு. உலக சுகாதார நிறுவனம் குளிர் நாட்டுல வீட்டுக்குள்ள 18 டிகிரிக்குக் கொறையப்படாதுங்கு. அந்த 18-லயே நிக்கட்டும், மேல ஒரு சட்டையப் போடு. சீமைக்குப் போயி வீட்டுக்குள்ள பனியனோட இருக்கணும்னு என்ன நேத்திக்கடனா?

சூடு வைக்காத ரூம் ஒண்ணு இருந்தா அதோட கதவச் சாத்தி வை. தொறந்து போட்டா ஹால்ல இருக்க சூடான ஈரக்காத்து விருந்தாளி மாதிரி அங்க போயிப் படுத்துரும். பீரோவ வெளிச்சுவத்துல ஒட்டி வெக்காத, ரெண்டு விரக்கடை எடம் விடு. காலையில கண்ணாடியத் தொடச்சா துணிய சிங்க்குல பிழி. மறுபடி ரேடியேட்டர் மேல காயப் போட்ட மகராசனையும் நான் பாத்தேன். யாருன்னு கேக்காத.

ஒண்ணு மட்டும் விளையாட்டு இல்ல, காதுல வாங்கிக்கோ. பில்லுக்குப் பயந்து நடு வீட்டுல சிலிண்டர் அடுப்பு, மண்ணெண்ண அடுப்புன்னு வெச்சு குளிர் காயாத. ஒரு லிட்டர் மண்ணெண்ண எரிஞ்சா ஒரு லிட்டருக்குக் கொறையாமத் தண்ணி வீட்டுக்குள்ளயே நிக்கும், அது போவட்டும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போன சனம் கூதலுக்கு அடுப்புக்கரிய ரூமுக்குள்ள வெச்சுக் கதவ அடைச்சுப் படுத்து, காலையில எந்திரிக்காமலே போன சேதி நீயும் படிச்சிருப்ப. அடைச்ச ரூமுல எரியிற அடுப்பு விடுற விசக் காத்துக்கு வாடையும் கெடையாது, நெறமும் கெடையாது.

வீட்டு ஏஜெண்டுன்னு ஒருத்தன் வந்தான். டை கட்டிருந்தான். சுவத்தத் தொடவே இல்ல. ஒரு துண்டுத் தாளக் குடுத்து, "உங்க வாழ்க்கை முறைதான் காரணம், சமையலக் கொறைங்க"ன்னுட்டான். பேத்தி மொழிபெயர்க்கும்போதே மருமவ மூஞ்சி செவந்து போச்சு. நான் அவன வாசலுக்குக் கூட்டிட்டுப் போயி மாடி ரூமு வெளிச்சுவத்தக் காட்டுனேன். கூரை ஓரத்துத் தூம்புல எல அடைச்சு, மழை பேஞ்சா தண்ணி நேரா செங்கல்ல ஊத்துது. நூறு வருசத்துக்கு மேல ஆன வீடு, ஒம்பது அங்குலம் கெட்டிச் செங்கல், நடுவுல இடைவெளி கெடையாது. அந்தச் சுவத்துல உள்பக்கம் கருப்புப் பூ இல்ல; காப்பி கொட்டுன மாதிரி பழுப்பு விளிம்போட ஒரு கறை. மழை பேஞ்ச மறுநாள் அது ஒரு சாண் வளரும். "இதுவும் எம் மருமவ வெச்ச சாம்பாரா?"ன்னு கேக்கச் சொன்னேன். பேத்தி அத எப்படிச் சொன்னாளோ, அவன் காதெல்லாம் செவந்து நோட்டுல எழுதிக்கிட்டான். மூணு வாரம் கழிச்சு ஏணியோட ஆளு வந்தான்.

அதனால பாத்துக்கோ மக்கா. குளுந்த மூலையில கருப்பாப் பூத்தா அது பெரும்பாலும் உள்ள இருக்க ஈரம். மழைக்கு மழை வளந்தா அது ஒழுக்கு. தரையிலேருந்து இடுப்பளவுக்கு ஏறி உப்புப் பூத்தா அது மண்ணுலேருந்து வார ஓதம். பின்னால சொன்ன ரெண்டும் நீ சன்னலத் தொறந்து தீராது. அது வீட்டுக்காரன் சோலி, அவன விடாத. ரோச்டேல்னு ஒரு ஊருல அவாப் இஷாக்குனு ரெண்டு வயசுப் புள்ள. பூசணம் புடிச்ச வீட்டுலயே வளந்து 2020 டிசம்பர்ல செத்துப் போச்சு. பூசணம்தான் காரணம்னு 2022-ல விசாரணையில சொன்னாவ. பெத்தவிய எத்தனையோ தடவ சொல்லிப் பாத்துருக்காவ. அவியளுக்கும் "ஒங்க வாழ்க்கை முறை"ன்னுதான் பதில் கெடச்சுது. இப்ப அந்தப் புள்ள பேருலயே அங்க சட்டம் இருக்கு. துண்டுத் தாளக் குடுத்து எவனாவது ஒன்னைய அனுப்பப் பாத்தா அந்தப் பேரச் சொல்லு.

நான் ஊருக்குத் திரும்பும்போது மெசினு படிக்கட்டுக்கு அடியில கெடந்துது. டப்பா எல்லாம் குப்பையில. அந்த உறுமல் இல்லாம மவனுக்கு நாலு நாள் தூக்கம் வரல.

பொறவு போன ஆடிக்குக் குடும்பத்தோட சாரல் குளிக்க வந்தான். வந்த மொத நாளே வீட்டு சன்னலப் பூராத் தொறந்துட்டான். "வீடு மூச்சு விடணும்ப்பா." எனக்கே பாடம்! நான் ஒரு வார்த்த சொல்லல. மேகம் தார்சா வழியா உள்ள வந்து பட்டாசாலையில உக்காந்துது. மறுநாள் அவன் பாஸ்போட்டு சுட்ட அப்பளம் மாதிரி வளைஞ்சு கெடக்கு. சுட்ட அப்பளம் பாஸ்போட்டு மாதிரி வளைஞ்சு கெடக்கு. மூத்தவன் வேற சென்னையில ஏசிய 18-ல வெச்சுக்கிட்டு, கார்த்திகை மழைக்கு சன்னலையும் ஒரு பக்கம் தொறந்து போட்டு, சுவரு வேர்க்குன்னு போன் பண்ணுவான். வெளிய இருக்க வெந்நிக் காத்து ஏசி சுவத்துல பட்டா வேர்க்காம என்ன செய்யும்? ரெண்டுல ஒண்ணச் சாத்துலேன்னேன்.

பேத்தி ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம கூப்பிடுவா. போன வாரமும் கூப்பிட்டா. அங்க மழையாம், 6 டிகிரியாம். "தாத்தா, கேளுங்க"ன்னா. போன வாய்க்குப் பக்கத்துல வெச்சு அப்பளத்தக் கடிச்சா. நொறுக்! காது அடைச்சுப் போச்சு. எத்தனைன்னேன். 48-ன்னா. பின்னாலேருந்து மருமவ சத்தம்: "கட்டில்ல உக்காந்து அப்பளம் திங்காதன்னு எத்தன தடவ சொல்லுறது? மெத்தையெல்லாம் தூளு!"